டிக்கெட்டில் பிளாட்ஃபாரம் எண் ஏன் இல்லை?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் கணவரும் மே மாதம் போகிறோம். அங்கிருந்து பாரிஸ் (2 இரவு), ஜூரிச் (3 இரவு), கடைசியாக மிலான் வழியாக வெனிஸ். எல்லாமே ரயில். டிக்கெட்டெல்லாம் மகள் எடுத்துவிட்டாள், ஆனால் லீவு கிடைக்காததால் கூட வர மாட்டாள். ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எனக்குப் பயம் இல்லை. ஸ்டேஷனை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. ஒரு டிக்கெட்டிலும் பிளாட்ஃபாரம் எண் இல்லை. பாரிஸிலிருந்து கிளம்பும் டிக்கெட்டில் 'கார் து லியோன்' என்று போட்டிருக்கிறது. லியோன் வேறு ஊர் இல்லையா? மிலானில் வண்டி மாற 35 நிமிடம்தான் இருக்கிறது. கணவருக்கு முழங்கால் வலி. அந்த ஊர் மொழி எதுவும் தெரியாது. சமாளிக்க முடியுமா?
— ஒரு வாசகி (61 வயது), திருச்சி

பதில்:

அம்மா, முதலில் லியோன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். உங்கள் மகள் சரியாகத்தான் எடுத்திருக்கிறார். 'கார்' என்றால் பிரெஞ்சில் ரயில் நிலையம். கார் து லியோன் இருப்பது பாரிஸ் நகரத்துக்குள்ளேயே. லியோன் பக்கம் போகும் ரயில்கள் அங்கிருந்து கிளம்புவதால் அந்தப் பெயர். உங்கள் ஊரில் தஞ்சாவூர் ரோடு இருப்பது தஞ்சாவூரிலா, திருச்சியிலா? அதே கதைதான். பாரிஸில் இப்படி ஏழு பெரிய நிலையங்கள், ஒவ்வொரு திசைக்கும் ஒன்றாக இருக்கின்றன. நீங்கள் லண்டனிலிருந்து வந்து இறங்குவது கார் து நோர், அதாவது வடக்கு நிலையம். மூன்றாம் நாள் கிளம்புவது கார் து லியோன். சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வருடமாக நம்மூர் ஆட்களைக் குழு குழுவாக அழைத்துக்கொண்டு இந்த நிலையங்களில் அலைந்தவன் என்ற முறையில் இன்னொரு நல்ல செய்தியும் சொல்கிறேன். நீங்கள் போகும் வழியில் பாரிஸின் இரண்டு நிலையங்கள், ஜூரிச்சின் மேல்தளம், மிலான், வெனிஸ் எல்லாமே சென்னை சென்ட்ரல் மாதிரி தண்டவாளம் முட்டி நிற்கும் நிலையங்கள். பிளாட்ஃபாரம் விட்டுப் பிளாட்ஃபாரம் போக மேம்பாலம் ஏறி இறங்க வேண்டாம். என்ஜின் நிற்கும் தலைப்பக்கமாக நடந்தால் சமதளம். முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட நல்ல பாதை அமையாது. பெர்லின் மாதிரி ஊர் என்றால் கொஞ்சம் யோசித்திருப்பேன். அங்கே 1 முதல் 8 வரை தரைக்குக் கீழே ஆழத்திலும், 11 முதல் 16 வரை தலைக்கு மேலேயும் இருக்கின்றன.

சரி, பிளாட்ஃபாரம் எண். அது ஏன் டிக்கெட்டில் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட் அடிக்கும்போது பல நாடுகளில் அது முடிவாகியிருக்காது என்பதுதான் பதில். ஆனால் எண் எப்போது தெரியவரும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்விட்சர்லாந்தில் கால அட்டவணையிலேயே அச்சாகியிருக்கும். பிரான்சில் சுமார் 20 நிமிடத்துக்கு முன்னால்தான் பலகையில் விழும். இத்தாலியிலும் ஏறக்குறைய அப்படியே, சில நாள் இன்னும் தாமதமாக. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் நம் ஆட்கள் பாரிஸில் ஒரு மணி நேரம் முன்னால் போய் எண்ணைக் காணோமே என்று பதறுகிறார்கள், ஜூரிச்சில் தேவையில்லாமல் பலகையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இன்னொன்று. நமக்கு ரயில் நிலையம் என்றால் காதுதான். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று கேட்டதும் தலை தானாக நிமிரும். அங்கே காதை நம்பாதீர்கள். பாரிஸில் நாலு சுரத்தில் ஒரு இசை வரும், பின்னாலேயே ஒரு பெண்குரல் வேகமாக ஏதோ சொல்லும், கூரையில் மோதிப் போய்விடும். கண்ணால் பிழைக்க வேண்டிய இடம் அது. அதற்கு ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சிறு அட்டையில், பெரிய எழுத்தில், நிலையத்தின் முழுப்பெயர், கிளம்பும் நேரம், வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண் என்று எழுதி இருவர் சட்டைப்பையிலும் ஒவ்வொன்று. போனில் இருக்கிறதே என்பீர்கள். போன் சார்ஜ் தீரும், திரை அணையும், கண்ணாடி பையில் இருக்கும். தவிர, கார் து நோர் மாதிரி இடங்களில் கையில் போனை நீட்டிக்கொண்டு நிற்பதே ஆபத்து.

பலகையில் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். வண்டி எண்ணையும் நேரத்தையும் தேடுங்கள். பலகையில் பெரிதாக இருப்பது வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். நீங்கள் இறங்கும் ஊர் நடுவில் இருந்தால் அது சின்ன எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. எண் மட்டும் மாறாது. நேரம் 24 மணிக் கணக்கு என்பது உங்களுக்குப் பழக்கம்தான்.

லண்டனைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அங்கே மகள் வந்து வழியனுப்புவார். நிலையம் செயின்ட் பாங்க்ரஸ் இன்டர்நேஷனல். தெருவுக்கு அந்தப் பக்கமே கிங்ஸ் கிராஸ் என்று இன்னொரு பெரிய நிலையம் இருக்கிறது, அதற்குள் போய்விடாதீர்கள். உங்களைப் பாரிஸுக்குக் கொண்டுபோகும் யூரோஸ்டார் ரயிலுக்கு விமான நிலையம் மாதிரி வேலை: பை சோதனை, பிரெஞ்சு பாஸ்போர்ட் சோதனை எல்லாம் லண்டனிலேயே முடிந்துவிடும். இப்போது கைரேகையும் முகப்படமும் பதியும் முறை வேறு வந்திருக்கிறது. அதனால் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். அரை மணி நேரத்துக்கு முன் வாசலைச் சாத்திவிடுவார்கள். சோதனையெல்லாம் கீழ்த்தளத்தில், ரயில் நிற்பது மேலே. 1868இல் கட்டியபோது அந்தக் கீழ்த்தளம் பீர் பீப்பாய்க் கிடங்கு, பீப்பாய் அளவுக்குத்தான் தூண்களின் இடைவெளியே வைத்தார்கள். மேலே போக நகரும் தளமும் லிஃப்டும் உண்டு.

கட்டுச்சோறு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். யூரோஸ்டாரில் விமானம் போல 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது, ஊறுகாய் பாட்டில் தாராளமாகப் போகும். ஆனால் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. ஆக, புளியோதரை கட்டலாம். தயிர் சாதம் கூடாது!

கார் து நோரில் இறங்கும்போது பாஸ்போர்ட் வரிசை எதுவும் இருக்காது, நேரே நிலையத்துக்குள் வந்துவிடுவீர்கள். உடனே இரண்டு மூன்று பேர் 'டாக்ஸி, டாக்ஸி' என்று கிட்டே வருவார்கள். நிலையத்துக்குள் நடந்து வந்து கூப்பிடுகிறவர் யாரும் முறையான டாக்ஸிக்காரர் இல்லை. தலையை ஆட்டிவிட்டு, வெளியே பலகை வைத்த வரிசையில் போய் நில்லுங்கள். கையெழுத்து வாங்க அட்டை நீட்டுகிறவர்கள், பெட்டி தூக்க உதவுகிறேன் என்கிறவர்கள், டிக்கெட் மெஷின் அருகே வழிகாட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அதே தலையாட்டல் போதும். நம்மூர்ச் சிவப்புச் சட்டைப் போர்ட்டர்களை எதிர்பார்க்காதீர்கள். உங்களால் தனியாகத் தூக்க முடிகிற பெட்டி மட்டும்தான் உங்கள் பெட்டி. ஆளுக்கு ஒன்று, நடுத்தர அளவு. ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு இருக்கட்டும், பிரெஞ்சு ரயிலில் அது கட்டாயம்.

அதே கார் து நோரை ஒட்டி வடக்கே போகும் ஃபோபூர் சான் தெனி தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் லா ஷப்பெல். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், பெயர்ப்பலகையே தமிழில். இடியாப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு அந்தக் கடையில் வழி கேட்டால், பாரிஸில் உங்களுக்கு மொழிப் பிரச்சினையே தீர்ந்தது. என் குழுக்களில் பாதிப் பேருக்கு ஈஃபிள் கோபுரத்தைவிட அந்தத் தெருதான் நினைவில் நிற்கிறது.

மூன்றாம் நாள் கார் து லியோன். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே ஆர்.இ.ஆர். டி என்ற நகர ரயிலில் இரண்டே நிறுத்தம், பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் காலை அலுவலக நெரிசலில், பெட்டியும் முழங்கால் வலியுமாகப் போக வேண்டாம் என்பேன். டாக்ஸி பிடியுங்கள். ஆர்.இ.ஆரில்தான் போவது என்றால் ஆளுக்கொரு பயணக் கார்டு வேண்டும், ஒரே கார்டை இருவர் தேய்க்க முடியாது. வெளியே வரும்போதும் கதவு அதைக் கேட்கும்.

இந்த நிலையத்தில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன், அதுவே உங்களுக்குப் பாடமாகிவிடும். அங்கே ஹால் 1, ஹால் 2 என்று இரண்டு பெரிய கூடங்கள். ஹால் 1இன் தடங்களுக்கு (நாம் பிளாட்ஃபாரம் என்பதுதான்) எண் கிடையாது, ஏ, பி, சி என்று எழுத்துகள். ஹால் 2இன் தடங்களுக்கு 5 முதல் 23 வரை எண்கள். நான் 24 பேரை ஹால் 1இல் காபிக் கடை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, நிழலும் நாற்காலியும் கிடைத்த சந்தோஷத்தில் நின்றிருந்தேன். பலகையில் விழுந்தது 19. எழுத்தே இல்லை, எண்! ஹால் 2. இரண்டு கூடங்களையும் இணைக்கும் நீளமான வழி ஒன்று உண்டு, சுவரில் தெற்கத்தி ஊர்களின் ஓவியமெல்லாம் வரைந்திருப்பார்கள். அன்று ஓவியத்தைப் பார்க்க நேரமில்லை. ஒரு பாட்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். பிரெஞ்சு ரயிலில் கிளம்பும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே கதவு அடைபடும். கடைசிப் பெட்டியை உள்ளே தள்ளியதும் அடைத்துக்கொண்டது. தப்பு முழுக்க என்னுடையது. உட்கார இடம் தேடினேனே தவிர, இரண்டு கூடத்துக்கும் பொதுவான இடத்தில் நிற்கவில்லை.

நீங்கள் 40 நிமிடம் முன்னால் போய், பெரிய பலகை தெரியும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். 20 நிமிடம் இருக்கும்போது தடம் தெரியவரும். எழுத்து என்றால் ஹால் 1, எண் என்றால் ஹால் 2. நடையாக நடந்தாலே நேரம் போதும். தடத்தின் வாயிலில் டிக்கெட்டின் கட்டம் கட்டமான குறியீட்டைக் காட்டினால் கதவு திறக்கும்.

அப்புறம் ஒரு சின்னக் கண்ணி. பிரெஞ்சில் தடத்துக்கு 'வ்வா', பெட்டிக்கு 'வ்வாத்யூர்'. இரண்டும் வி எழுத்தில் தொடங்கும். டிக்கெட்டில் 7 என்று இருந்தால் அது பெட்டியின் எண். அதைத் தடம் என்று நினைத்து 7ஆம் தடத்தில் போய் நின்ற தம்பதியை நான்தான் தேடிக் கூட்டி வந்தேன். ஜூரிச் போகும் அந்த ரயில் இரட்டை மாடி. உங்கள் இருக்கை மேல்மாடி என்றால் உள்ளே குறுகலான படி உண்டு. கீழ்மாடிக்கு மாற்ற முடியுமா என்று மகளை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பெட்டியை மேலே தூக்க வேண்டாம், கீழே இருக்கும் தட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

ஜூரிச்சுக்கு நாலு மணி நேரப் பயணம். அங்கே இறங்கினால் உங்கள் படபடப்பு பாதி குறைந்துவிடும். 3 முதல் 18 வரை தரைமட்டம். 31இலிருந்து 34 வரையோ 41இலிருந்து 44 வரையோ எண் இருந்தால் தரைக்குக் கீழே, நகரும் படியில் இறங்க வேண்டும். எண்ணைப் பார்த்தே தளம் தெரியும். சுவரில் அச்சிட்டு ஒட்டிய பெரிய தாள்கள் இருக்கும். ஜெர்மன் மொழியில் புறப்பாடு 'ஆப்ஃபார்ட்', வருகை 'அன்குன்ஃப்ட்', இரண்டுமே ஏ எழுத்தில் தொடங்குவதால் வார்த்தையைப் பார்த்தால் குழம்பும். நிறத்தைப் பாருங்கள்: மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளை வருகை. தடத்துக்கு 'கிளைஸ்' என்று பெயர். முதல் நாளே மாலையில் ஒரு நடை போய் மஞ்சள் தாளில் மறுநாள் வண்டியின் கிளைஸ் எண்ணைப் பார்த்துவிட்டு வரலாம். கடைசி நேர மாற்றம் வந்தால் மின்பலகை சொல்லும்.

பெட்டி எங்கே நிற்கும் என்பதற்கு நம்மூரில் கோச் பொசிஷன் போர்டு இருக்கிறது அல்லவா, அங்கே பிளாட்ஃபாரத்தையே ஏ, பி, சி, டி என்று பகுதி பிரித்து வைத்திருக்கிறார்கள். மேலே தொங்கும் பலகையில் ரயிலின் சின்னப் படம் வரும், எந்தப் பெட்டி எந்தப் பகுதியில் என்று காட்டும். போய் நின்றால் கதவு கிட்டத்தட்ட உங்கள் முன்னாலேயே வந்து நிற்கும்.

இருவரும் பிரிந்துவிட்டால்? ஜூரிச் பெரிய கூடத்தில் 'ட்ரெஃப்புங்க்ட்', சந்திக்கும் இடம் என்று ஒன்று இருக்கிறது, ஊரே அங்கேதான் காத்து நிற்கும். அல்லது அண்ணாந்து பாருங்கள், நிகி து செயின்ட் ஃபால் செய்த குண்டு தேவதை ஒன்று வண்ண வண்ணமாகக் கூரையிலிருந்து தொங்குகிறது, 1997இலிருந்து. அதன் கீழே என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நிலையங்களிலும் போனவுடன் முதல் வேலையாக ஓர் இடத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. நேரம் இருந்தால் அங்கே கடிகாரத்தையும் கவனியுங்கள். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் 1944இல் வடிவமைத்தது. சிவப்பு நொடிமுள் ஒரு சுற்றை 58 நொடி சொச்சத்திலேயே முடித்துவிட்டு 12இல் வந்து ஒரு கணம் மூச்சுப் பிடித்து நிற்கும், நிமிடமுள் ஒரு துள்ளு துள்ளும், மறுபடி ஓடும். உங்கள் கணவர் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாலும் ஆச்சரியமில்லை.

இனி மிலான், உங்கள் கடிதத்தில் எனக்கே கவலை தந்த இடம். 35 நிமிடம் நடப்பதற்குத் தாராளம். ஆனால் ஜூரிச்சிலிருந்து வரும் வண்டி எல்லை தாண்டி, 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கம் எல்லாம் கடந்து மூன்றேகால் மணி நேரம் ஓடி வருகிறது. அது 30 நிமிடம் தாமதித்தால் என்ன செய்வீர்கள்? மலிவு விலையில் எடுத்த இத்தாலிய அதிவேக ரயில் டிக்கெட் பெரும்பாலும் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் வண்டியின் தாமதத்துக்கு இரண்டாவது வண்டிக்காரர் பொறுப்பில்லை. ஆகவே வெனிஸ் டிக்கெட்டை ஒரு மணி நேரம் தள்ளி அடுத்த வண்டிக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். கொஞ்சம் பணம் போனாலும் பரவாயில்லை. மற்ற யோசனைகளில் எதை வேண்டுமானாலும் விடுங்கள், இதை விடாதீர்கள்.

மிலானோ சென்ட்ராலே 1931இல் திறந்தது. நிலையம் என்பதைவிட ராட்சதருக்குக் கட்டிய அரண்மனை என்று சொன்னால் பொருந்தும். 24 தடங்கள், எல்லாம் மேல்தளத்தில் ஒரே வரிசையில். நீங்கள் மேலேயே இறங்கி மேலேயே ஏறுவதால் கீழே போக வேண்டியதில்லை. தலைப்பக்கம் வந்து, தடுப்புக் கதவுகளுக்கு உள்பக்கமாகவே மற்றத் தடத்துக்கு நடக்கலாம். கழிவறை தேடி வெளியே போனால் திரும்பி வரும்போது டிக்கெட் காட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கழிவறைக்குக் காசு, ஒரு யூரோ போல; இந்தப் பயணம் முழுக்கச் சில்லறை கையில் இருக்கட்டும். இத்தாலியில் தடம் 'பினாரியோ', பலகையில் 'பின்' என்று சுருக்கி இருக்கும். 'பார்தென்ட்ஸே' புறப்பாடு, 'அர்ரிவி' வருகை, 'ரிதார்தோ' என்றால் தாமதம். அந்த வார்த்தையை எப்படியும் கற்றுக்கொண்டுவிடுவீர்கள்.

கணவருக்குச் சக்கர நாற்காலியோ ஏறி இறங்க உதவியோ வேண்டுமென்றால் இத்தாலியில் 'சாலா புளு' என்ற உதவி மையம் இருக்கிறது, பிரான்சிலும் ஸ்விட்சர்லாந்திலும் ரயில்காரர்களின் இதே போன்ற சேவை உண்டு. குறைந்தது ஒரு நாள் முன்னதாகப் பதிய வேண்டும். அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

வெனிஸில் ஒரே ஒரு பொறி. 'வெனேட்ஸியா' என்று பெயர் வந்ததும் எழுந்து இறங்கிவிடாதீர்கள். முதலில் வருவது வெனேட்ஸியா மெஸ்த்ரே, அது நிலப்பகுதி. உங்கள் டிக்கெட்டில் சாந்தா லூசியா என்று இருக்கும். என் குழுவில் ஓர் ஓய்வுபெற்ற தாசில்தார் மெஸ்த்ரேயில் கம்பீரமாக இறங்கி, 'எங்கேய்யா தண்ணி?' என்று கேட்டார். அப்படி இறங்கிவிட்டாலும் குடி முழுகாது, அடிக்கடி வரும் அடுத்த உள்ளூர் ரயிலில் பத்து நிமிடம். இருபுறமும் கடல்நீர் வந்து, நீளப் பாலம் தாண்டி, தண்டவாளம் முடிந்து வண்டி நின்றால் அதுதான் சாந்தா லூசியா.

வாசலைத் தாண்டினால் அகலமான படிகள், கீழே கிராண்ட் கனால் என்ற பெரிய கால்வாய். ஆட்டோ, டாக்ஸி எதுவும் இல்லை, படகுதான். துறையின் பெயர் 'ஃபெர்ரோவியா', ரயில்பாதை என்று பொருள். படகுத் துறைக்கும் ஏ, பி, சி எழுத்து உண்டு, அதற்குள் உங்களுக்கு எழுத்து தேடிப் பழகியிருக்கும். 1ஆம் எண் படகு எல்லாத் துறையிலும் நின்று நின்று மெதுவாகப் போகும். அவசரமில்லை என்றால் அதில் ஏறி, முன்பக்கம் இடம் கிடைத்தால் கணவரை அங்கே உட்கார வையுங்கள்.